அச்சமும் ஆகாயப் பயணமும்

இறைவன் மனிதனுக்குச் சிறகு தரவில்லை. சிறகு செய்துகொள்ளும் அறிவைத் தந்தார். அவ்வறிவின் பயனை இன்று நம் சிற்றூர்ப் பங்குகளும் துய்க்கின்றன. மாவட்டத் தலைநகருக்குச் செல்வதையே பெரும் பயணமாகக் கருதிய குடும்பங்களிலிருந்து, மகளின் பேறுகாலத்திற்குத் துணையாகக் கனடாவுக்கும், மகனின் குடும்பத்தைக் காண ஆஸ்திரேலியாவுக்கும், பிழைப்புக்காகத் துபாய்க்கும் குவைத்துக்கும், ஆண்டவர் நடந்த மண்ணைத் தொட்டு வணங்க எருசலேமுக்கும் மக்கள் பறந்து செல்கின்றனர். பயணச் சீட்டின் விலையைப் பற்றிப் பேசுகிறார்கள். எடுத்துச் செல்லும் பொருள்களின் எடையைப் பற்றிப் பேசுகிறார்கள். ஆனால் பலர் உள்ளத்தில் சுமந்து செல்லும் ஒன்றைப் பற்றி மட்டும் பேசுவதில்லை. அதுவே பறத்தலைக் குறித்த அச்சம்.

இந்த அச்சத்தை வெளியே சொல்ல வெட்கப்படுகிறோம். பாம்புக்கு அஞ்சுகிறேன் என்று சொல்பவரை யாரும் நகைப்பதில்லை. விமானத்திற்கு அஞ்சுகிறேன் என்றால், "குழந்தைகள்கூடப் போகின்றனவே" என்று எளிதாகச் சொல்லிவிடுவர். எனவே அஞ்சுபவர் தம் அச்சத்தோடு வெட்கத்தையும் சேர்த்துச் சுமக்கிறார்.

அச்சத்தின் இயல்பைச் சற்றே ஆராய்ந்தால் அது அவ்வளவு நகைப்புக்குரியதன்று என்பது விளங்கும். பேருந்தில் செல்லும்போது ஓட்டுநரின் முதுகையாவது காண்கிறோம். வண்டி தள்ளாடினால், "மெதுவாப் போப்பா" என்று குரல் கொடுக்கிறோம். மனம் ஒப்பவில்லையெனில் அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிடுகிறோம். விமானத்தில் இவை எதுவும் இல்லை. ஓட்டுபவரைக் காண இயலாது; குரல் கொடுக்க இயலாது; இறங்க இயலாது. உயரத்தின் அச்சம், அடைபட்டிருப்பதன் அச்சம், முகமறியாத ஒருவர் கையில் உயிரை ஒப்படைக்கும் அச்சம் ஆகிய மூன்றும் ஒரே இருக்கையில் வந்து அமர்ந்துகொள்கின்றன. சென்னையிலிருந்து மதுரைக்கு என்றால் ஒரு மணி நேரம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிடலாம். சென்னையிலிருந்து இலண்டனுக்கு நேராகப் பறந்தாலும் பத்து மணி நேரத்திற்கு மேலாகிறது. பத்து மணி நேரம் பல்லைக் கடித்துக்கொண்டிருக்க யாரால் முடியும்?

இதை எழுதும் நாமும் இவ்வச்சம் அறியாதவர் அல்லோம். வளைகுடா வழியாக உரோமைக்குச் சென்ற பயணம் ஒன்றில், நள்ளிரவில், அரபிக் கடலின்மேல் விமானம் குலுங்கத் தொடங்கியது. அருகிலிருந்த இளைஞர் போர்வைக்குள் நன்றாக உறங்கிக்கொண்டிருந்தார். நாமோ முன்னிருக்கையின் பின்புறத்தைப் பற்றியபடி, எஞ்சினின் ஒவ்வோர் ஒலி மாற்றத்தையும் செவியால் தொடர்ந்துகொண்டிருந்தோம். இறையியல் கற்ற ஆண்டுகளும், பீடத்தில் நின்று நம்பிக்கையைப் பற்றி ஆற்றிய மறையுரைகளும் உள்ளங்கையின் ஈரத்தை உலர்த்தவில்லை.

ஆகையால், பங்கைச் சேர்ந்த தாய் ஒருவர் கேட்ட கேள்வி நம்மைத் தைத்தது. அயல்நாட்டில் வாழும் மகளுக்குத் தலைப்பிரசவம். போயே ஆக வேண்டும். "சாமி, விமானம் என்றாலே எனக்கு உடம்பு நடுங்குகிறது. எவ்வளவோ செபம் பண்ணிவிட்டேன், பயம் போகவில்லை. அப்படியானால் என் விசுவாசம் அவ்வளவுதானா?" என்று அவர் கேட்டார். அந்த அம்மாவின் கேள்வி விமானத்தைப் பற்றியது அன்று. அஞ்சுகிற உள்ளத்தில் ஆண்டவர் குடியிருப்பாரா என்பதே அவருடைய கேள்வி.

திருநூலைத் திறந்து பார்ப்போம். கெனேசரேத்து ஏரியில் புயல் எழுந்தபோது படகில் இருந்தவர்களுள் மீனவர்கள் உண்டு. நீரோடு பழகியவர்களே அஞ்சி அலறினார்கள். அவர்களுடைய நம்பிக்கைக் குறைவை ஆண்டவர் கடிந்துகொண்டார். எனினும் அலறியவர்களில் ஒருவரையும் படகிலிருந்து இறக்கிவிடவில்லை. புயலை அடக்கிய பின்னும் அவர்களோடேயே மறுகரை சேர்ந்தார். கெத்சமனித் தோட்டத்தில் அவரே கலக்கமுற்றார். வியர்வை நிலத்தில் விழுந்தது. நண்பர்களைத் தம்மோடு விழித்திருக்கும்படி கேட்டார். அச்சமே பாவம் என்றால் கெத்சமனியை நாம் எங்கே வைப்பது? நடுங்கும் உடலைக் கண்டு இறைவன் நம்மை வெறுப்பதில்லை. அந்த உடலை அவரும் எடுத்துக்கொண்டார்.

புனித தோமா அக்குவினாஸ் தம் இறையியல் தொகுப்பு என்னும் பெருநூலில் அச்சத்தைப் பற்றி விரிவாக ஆராய்கிறார். அச்சத்திற்குக் காரணம் யாது என்று கேட்டு, அன்பே காரணம் என்று விடை காண்கிறார். ஒன்றை நேசிக்கிறோம், ஆகவே அதை இழந்துவிடுவோமோ என்று அஞ்சுகிறோம். எதையும் நேசிக்காதவனுக்கு இழப்பின் அச்சமும் இல்லை. இவ்விடையை நாம் குருமடத்தில் தேர்வுக்காகக் கற்றோம். அதன் பொருளை ஆகாயத்தில்தான் உணர்ந்தோம். விமானத்தில் நடுங்கும் தாய் உயிரை மட்டும் எண்ணி நடுங்குவதில்லை. தாம் இல்லாமற்போனால் கணவருக்கு யார் சோறு வடிப்பார், பிறக்கப்போகும் பேரக் குழந்தையை யார் குளிப்பாட்டுவார் என்றே நடுங்குகிறார்.

அதே புனிதர் மனத்திடத்தைப் பற்றிப் பேசும்போது மற்றொன்றையும் கூறுகிறார். எதிர்த்துத் தாக்குவதைக்காட்டிலும் அசையாது தாங்கி நிற்பதே மனத்திடத்தின் தலையாய செயல் என்பது அவர் கருத்து. தாக்குபவன் தன்னை வலிமையுள்ளவன் என்று எண்ணிக்கொள்கிறான். தாங்குபவனோ தன்னிலும் வலியதன் முன்னால் நிற்கிறான். தாக்குதல் நொடியில் முடியும், தாங்குதல் நீளும். இக்கருத்தை நெடும்பயணத்தோடு பொருத்திப் பாருங்கள். அச்சம் சிறிதுமின்றி உறங்குபவரிடம் அந்நேரத்தில் மனத்திடத்திற்கு வேலையே இல்லை. வியர்க்கும் கையோடு பத்து மணி நேரம் தம் இருக்கையில் அமர்ந்திருப்பவரே மனத்திடம் என்னும் நற்பண்பைப் பயில்கிறார். அச்சம் நீங்கிய பிறகுதான் துணிவு வரும் என்று காத்திருக்க வேண்டியதில்லை.

அஞ்சத் தக்கதற்கு அஞ்சுவதை அறிவுடைமையாகக் கொண்டவர் நம் வள்ளுவர். எது அஞ்சத் தக்கது, எது அன்று எனப் பிரித்தறிய வேண்டுமாயின் விமானத்தைப் பற்றிச் சில உண்மைகளை அறிந்திருப்பது நன்று.

விமானம் எழும்பிய சில நிமிடங்களில் எஞ்சினின் இரைச்சல் திடீரெனத் தணிகிறது. கீழே விழுவது போன்ற உணர்வு வயிற்றைக் கவ்வுகிறது. உண்மையில், எழும்புவதற்குத் தேவைப்பட்ட மிகு விசையை விமானி குறைத்துக்கொள்கிறார். விமானமோ ஏறிக்கொண்டே இருக்கிறது. காதின் உட்பகுதியில் உள்ள சமநிலை உறுப்பே நம்மை ஏமாற்றுகிறது. 'தடதட' என்னும் ஓசை சக்கரங்கள் மடிந்து உள்ளே செல்லும் ஓசையாகும். இறக்கை மேலும் கீழும் அசைவதைக் கண்டு அஞ்சுவோர் உண்டு. வளையும்படியே அது செய்யப்பட்டுள்ளது. 1995-ஆம் ஆண்டு போயிங் 777 விமானத்தின் இறக்கையைத் தரையில் வைத்து முறியும்வரை வளைத்துச் சோதித்தனர். பறக்கும்போது நேரக்கூடும் என்று கணிக்கப்பட்ட மிக உயர்ந்த சுமையைப்போல் ஒன்றரை மடங்கைத் தாங்க வேண்டும் என்பது விதி. அந்த இறக்கை 154 விழுக்காடு சுமைவரை தாங்கி, நுனி ஏறத்தாழ 24 அடி மேலெழுந்த பின்னரே முறிந்தது. மரம் காற்றுக்கு வளைகிறது, வளைவதாலேயே நிற்கிறது.

எஞ்சின்கள் நின்றுவிட்டால் விமானம் கல்லைப்போல் விழும் என்று பலர் எண்ணுகின்றனர். 2001-ஆம் ஆண்டு ஆகஸ்டில் டொராண்டோவிலிருந்து லிஸ்பன் நோக்கிச் சென்ற விமானம் ஒன்றுக்கு, அட்லாண்டிக் பெருங்கடலின்மேல் எரிபொருள் முழுவதும் தீர்ந்து இரண்டு எஞ்சின்களும் நின்றுவிட்டன. பருந்து இறக்கை அசைக்காமல் மிதப்பதுபோல ஏறத்தாழ 120 கிலோமீட்டர் மிதந்து சென்று, அசோர்ஸ் தீவுகளில் அது தரையிறங்கியது. அதிலிருந்த 306 பேரும் உயிர் பிழைத்தனர்.

குலுக்கலைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 2024 மே 21 அன்று இலண்டனிலிருந்து சிங்கப்பூர் சென்ற விமானம் மியான்மர் வான்வெளியில் கடுமையான காற்றுக் கொந்தளிப்பில் சிக்கியது. பயணி ஒருவர் உயிரிழந்தார், பலர் காயமுற்றனர். பல்லாயிரம் அடி விழுந்ததாகவே உள்ளே இருந்தவர்களுக்குத் தோன்றியிருக்கும். பதிவுக் கருவிகளை ஆராய்ந்தபோது, ஐந்து நொடிக்கும் குறைந்த நேரத்தில் விமானம் இறங்கிய உயரம் 178 அடி என்று தெரிந்தது. விமானம் உடையவில்லை. பட்டை அணியாதிருந்தவர்கள் தூக்கி எறியப்பட்டதே காயங்களுக்குப் பெரிதும் காரணமாயிற்று. இங்கே அஞ்சத் தக்கது குலுக்கல் அன்று. அவிழ்த்துவிடப்பட்ட இருக்கைப் பட்டையே. அமர்ந்திருக்கும் நேரமெல்லாம், உறக்கத்திலும், அதை அணிந்திருப்பது அறிவுடைமை.

இவற்றையெல்லாம் சொன்ன பின்னும் ஓர் உண்மையை மறைக்கலாகாது. 1985 ஜூன் 23 அன்று அயர்லாந்துக் கடற்கரைக்கு அப்பால், பொல்லாதவர் வைத்த குண்டினால் கனிஷ்கா விமானம் சிதறி 329 பேர் மாண்டனர். 2025 ஜூன் 12 அன்று அகமதாபாத்திலிருந்து இலண்டனுக்கு எழும்பிய விமானம் சற்று நேரத்திலேயே வீழ்ந்தது. அதிலிருந்த 242 பேரில் 241 பேர் மாண்டனர். தரையிலும் பலர் உயிரிழந்தனர். இத்தகைய பயணங்களில் ஏறுவோரிலும் செபித்துவிட்டு ஏறுபவர் இருப்பர். அவரவர் முறையில் கடவுளை நினைத்துக் கண்மூடுபவர் இருப்பர். அவர்களுடைய விசுவாசம் நம்முடையதைவிடக் குறைந்தது என்று சொல்ல யாருக்குத் துணிவு வரும்?

ஆகவே, "செபம் செய்தால் உனக்கு ஒன்றும் நேராது" என்று ஒருவருக்கும் வாக்களிக்க நமக்கு உரிமையில்லை. அவ்வாறு சொல்வது ஆறுதலாகத் தோன்றும். ஆனால் அது செபத்தைக் காப்பீட்டுப் பத்திரமாக்கிவிடும். கெத்சமனியில் செபித்தவருக்கு மறுநாள் சிலுவை காத்திருந்தது. கிறிஸ்தவ நம்பிக்கை சொல்வது வேறு. எது நேரினும் நீ தனியாய் இராய் என்பதே அது. விடியலின் எல்லைக்குப் பறந்து சென்றாலும் கடலின் கடைக்கோடியில் குடியேறினாலும் இறைவனின் கைக்கு அப்பாற்பட்ட இடம் ஒன்றில்லை என்று 139-ஆம் திருப்பாடல் பாடுகிறது. விமானம் விழாது என்று அத்திருப்பாடல் சொல்லவில்லை. எங்கும் அவர் இருக்கிறார் என்றே சொல்கிறது. அந்தத் தாய்க்கு நாம் கூறிய மறுமொழியும் இதுவே: "அம்மா, பயம் உங்களோடு வரட்டும், ஆண்டவரும் உங்களோடு வருவார்."

இனி, நீண்ட அந்த மணி நேரங்களை எவ்வாறு கழிப்பது? இதற்கும் திருநூலில் ஒரு நல்லாசிரியர் இருக்கிறார். பவுலடிகளார் கைதியாக உரோமைக்குச் சென்ற கப்பலில் 276 பேர் இருந்தனர். பதினான்கு நாள்கள் புயல் அலைத்தது. அச்சத்தால் எவரும் உண்ணவில்லை. அவர் நீண்ட மறையுரை ஆற்றவில்லை. எல்லாரையும் சாப்பிடச் சொன்னார். தாமே அப்பத்தை எடுத்து, நன்றி கூறி, பிட்டு, உண்ணத் தொடங்கினார். அதைக் கண்டு அனைவரும் ஊக்கம் பெற்றனர். கப்பல் உடைந்தது, ஆட்கள் அனைவரும் மால்டா தீவில் கரையேறினர். அச்சத்தின் நடுவே அன்றாடச் சிறு செயல்களைச் செய்வதே அவர் காட்டும் வழி. தருகிற உணவை மெதுவாக உண்பதும், தண்ணீர் அருந்துவதும், ஒலிபெருக்கி அனுமதிக்கும்போது எழுந்து நடப்பதும் சிறியவை அல்ல. அச்சத்தை மறக்க மது அருந்துவதும், மருத்துவரைக் கேளாமல் தூக்க மாத்திரை விழுங்குவதும் நெடும்பயணத்தில் தீங்கையே தரும். இறக்கையை ஒட்டிய இருக்கையில் ஆட்டம் குறைவு, கேட்டுப் பெறலாம். அச்சம் மிகுந்தவர் ஏறியவுடனே விமானப் பணிப்பெண்ணிடம் சொல்லிவைப்பதில் வெட்கம் ஏதுமில்லை. அவர்கள் இத்தகையோரை நாள்தோறும் காண்பவர்கள்.

அச்சம் அலையைப் போன்றது. நெஞ்சு படபடத்து, மூச்சு முட்டி, இனித் தாங்காது என்று தோன்றும் உச்சம் பெரும்பாலும் சில நிமிடங்களில் தணியத் தொடங்கும். அதனோடு போராடினால் நீடிக்கும். வந்து போகட்டும் என்று விட்டால் போய்விடும். பிறகு மீண்டும் வரலாம், மீண்டும் போகும்.

அவ்வேளையில் நம் கையில் இருக்க வேண்டியது செபமாலை. பக்தியால் மட்டும் இதைச் சொல்லவில்லை. 2001-ஆம் ஆண்டு இத்தாலிய ஆய்வாளர்கள் 'பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்' என்னும் மருத்துவ இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். 23 பேரைச் செபமாலையின் அருள்நிறை மரியே செபத்தை இலத்தீனில் சொல்லச் செய்தும், யோக மந்திரம் ஒன்றை ஓதச் செய்தும் அவர்களுடைய மூச்சையும் இதயத்தையும் அளந்தனர். இரண்டிலும் மூச்சு நிமிடத்திற்கு ஏறத்தாழ ஆறு முறையாக மெதுவாகி, இதயத்தின் இயக்கமும் அதனோடு இசைந்து சீரடைந்தது. ஒருவர் முற்பகுதியும் மற்றவர் பிற்பகுதியும் சொல்லும் நம் வழக்கத்தில், ஒருவர் சொல்லும்போது மற்றவர் மூச்சு வாங்குகிறார். நம் பாட்டிமார் அறிவியல் அறியாமலே கண்ட மருந்து இது. அரபிக் கடலின்மேல் அந்த இரவில் நாமும் இதையே செய்தோம். அச்சம் முற்றிலும் போகவில்லை. ஆனால் மூன்றாம் பத்துமணியில் முன்னிருக்கையைப் பற்றியிருந்த கை தானாகவே தளர்ந்தது.

அஞ்சிய பயணிகள் நம் திருச்சபைக்குப் புதியவர்கள் அல்லர். புனித சவேரியார் 1541 ஏப்ரல் 7 அன்று லிஸ்பனில் கப்பலேறி, 1542 மே 6 அன்றுதான் கோவாவை அடைந்தார். பதின்மூன்று மாதங்கள்! இரண்டு மாதம் கடல்நோயால் வாடியதை அவரே மடலில் எழுதியுள்ளார். எனினும் கப்பலிலும் மொசாம்பிக்கிலும் நோயாளிகளுக்குப் பணிவிடை செய்தார். பிறரைக் கவனிக்கும் கைக்கு நடுங்க நேரம் குறைவு. பக்கத்து இருக்கையில் குழந்தையோடு தவிக்கும் இளந்தாய்க்கு உதவுவது நமக்கும் மருந்தாகும். புயலில் சிக்கிக் கதறிய போர்ச்சுக்கீசிய மாலுமிகள் கரை சேர்ந்தபின் செலுத்திய நேர்ச்சையே வேளாங்கண்ணியில் கோயிலாக எழுந்தது என்பது மரபு. அச்சத்தில் பிறந்த வேண்டுதலை அன்னை தள்ளிவிடவில்லை. வானூர்திகள் தோன்றிய காலத்தில், 1920-ஆம் ஆண்டு, திருத்தந்தை பதினைந்தாம் பெனடிக்ட் லொரேற்றோ அன்னையை விமானப் பயணிகளின் பாதுகாவலியாக அறிவித்தார். 1964 சனவரியில் புனித நாட்டிற்குப் பறந்து சென்ற ஆறாம் பவுலே விமானத்தில் பயணம் செய்த முதல் திருத்தந்தை. அவ்வாண்டு திசம்பரில் அவர் மும்பைக்கும் வந்தார்.

இறுதியாக ஒன்று. தரையில் இருக்கும்போது நம் வாழ்வு நம் கையில் இருப்பதாக எண்ணிக்கொள்கிறோம். இதயம் நம்மைக் கேட்டா துடிக்கிறது? இரவில் கண்ணயரும்போது மூச்சை யார் எண்ணுகிறார்? ஒவ்வோர் இரவும் படுக்கைக்குச் செல்லும் நாம், விழிப்போம் என்ற உறுதி ஏதுமின்றியே நம்மை ஒப்படைத்துவிட்டு உறங்குகிறோம். அதனால்தான் திருச்சபை தன் இரவுச் செபத்தில் நம் ஆவியை இறைவன் கையில் ஒப்படைக்கக் கற்றுத் தருகிறது. நாம் தாங்கப்பட்டே வாழ்கிறோம் என்பது தரையில் மறந்துபோகிறது. 35,000 அடி உயரத்தில் நினைவுக்கு வருகிறது. அந்த நினைவு முதலில் நடுக்கமாகத்தான் வரும். பட்டையை அணிந்துகொண்டு, செபமணியைக் கையில் எடுத்து, மெதுவாக மூச்சுவிட்டு அமர்ந்திருப்போம். நமக்காக ஒரு வாசலில் பிள்ளைகள் காத்திருக்கிறார்கள்.